வீட்டு வெப்பமூட்டல் கொதிகலன் நிறுவல்

வீட்டு வெப்பமூட்டல் கொதிகலன் என்பது, குளிர்நாடுகளில் வீட்டின் அறைகளைச் சூடாக வைத்திருப்பதற்காக நீரைச் சூடாக்கிக் குழாய்களின் வழியே அனுப்பும் கருவி ஆகும். கொதிகலன் என்று பெயர் இருந்தாலும் இவ்வகையில் நீர் கொதிப்பதில்லை. வழக்கமாக 80 பாகை செல்சியஸ் அளவுக்கே சூடாகின்றது. கொதிகலனில் இருந்து புறப்படும் வெந்நீர் அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கோ, தரைக்கடியில் பதித்த குழாய்களுக்கோ சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆறித் திரும்புகின்றது. அதே நீரே ஆண்டுக்கணக்கில் மூடிய சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். குளிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீர் இதனுடன் கலப்பதில்லை.

தமிழ்நாட்டில் பாய்லர் என்று அழைக்கப்படும் செப்புக்கலம் இதனின்று வேறானது. அதில் மேலே குளிர்நீரை ஊற்றினால் பக்கக்குழாய் வழியே வெந்நீர் வெளிவரும். அது வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் அழுத்தம் சேர்வதில்லை. வீட்டு வெப்பமூட்டல் கொதிகலனோ இன்று பெரும்பாலும் மூடிய அமைப்பு. நிறுவுவதில் உள்ள சிக்கல்களில் பாதி, அது மூடியிருப்பதில் இருந்தே பிறக்கின்றது.

ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் கூலி உயர்வாக இருப்பதால், வீட்டு உரிமையாளர்கள் தாங்களே கொதிகலனை வாங்கிக் குழாய்களை இணைக்க முற்படுவது உண்டு. இதில் ஒரு பகுதி கைத்திறன் உள்ள எவரும் செய்யக்கூடியது. இன்னொரு பகுதியில் செய்யும் பிழை உயிரைப் பறிக்கக் கூடியது. இரண்டையும் பிரித்தறிவதே இவ்வேலையின் முதற்படி ஆகும்.

வரலாறு

வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டுச் சூடேற்றும் முறையைப் பிரான்சைச் சேர்ந்த பொன்னெமேன் 1777 இல் கோழிக்குஞ்சு பொரிப்பதற்குப் பயன்படுத்தினார். 1830களில் இங்கிலாந்தில் ஆஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் உயர் அழுத்த வெந்நீர் முறையைப் பரப்பினார். வார்ப்பிரும்பு ரேடியேட்டரை 1850களில் உருசியாவின் சென் பீட்டர்சுபெர்க்கில் பிரான்ஸ் சான் காலி உருவாக்கினார்.

தொடக்க கால அமைப்புகளில் எக்கி கிடையாது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழுவதும், ஆறிய நீர் கீழிறங்குவதுமே ஓட்டத்தைத் தந்தன. 80 பாகை நீருக்கும் 60 பாகை நீருக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ 1.2 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு சிறிய விசையைக் கொண்டு நீரை நகர்த்தக் குழாய்கள் மிகப் பெரியனவாக இருக்க வேண்டியிருந்தது. பழைய வீடுகளின் நிலவறைகளில் காணப்படும் கைப்பருமனுள்ள இரும்புக் குழாய்கள் அக்காலத்தின் எச்சங்கள். 1928 இல் செருமனியின் வில்கெல்ம் ஓப்லேண்டர் குழாயிலேயே பொருத்தக்கூடிய சுற்றோட்ட எக்கியை உருவாக்கினார். அதன் பின்னர் குழாய்கள் சிறுத்தன. 1943 இல் டென்மார்க்கின் மாட்ஸ் கிளவுசன், அறையின் வெப்பநிலைக்கேற்பத் தானே மூடித் திறக்கும் ரேடியேட்டர் வால்வைக் கண்டுபிடித்தார்.

வெப்ப இழப்பைக் கணித்தல்

எவ்வளவு பெரிய கொதிகலன் வேண்டும் என்பதைப் பழைய கொதிகலனின் தகட்டைப் பார்த்து முடிவு செய்வது பரவலான வழக்கம். தவறான வழக்கமும் கூட. பழையது நிறுவப்பட்ட பின்னர் சன்னல்கள் மாற்றப்பட்டிருக்கலாம், கூரையில் வெப்பக்காப்பு இடப்பட்டிருக்கலாம். அப்பழைய கொதிகலனே அன்று தேவைக்கு மிகுதியாக வாங்கப்பட்டதாகவும் இருக்கலாம். அளவுக்கு மிஞ்சிய கொதிகலன் சில நிமிடங்கள் எரிந்து அணைந்து, மீண்டும் எரிந்து அணையும். இதனால் எரிபொருள் வீணாவதுடன் கருவியின் ஆயுளும் குறைகின்றது.

சரியான வழி, ஒவ்வோர் அறையும் வெளியே இழக்கும் வெப்பத்தைக் கணிப்பதாகும். பரப்பளவு, கட்டுமானத்தின் வெப்பக் கடத்துகை எண், உள் வெளி வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். வெளியே சுழியத்துக்குக் கீழ் 20 பாகை, உள்ளே 20 பாகை என்று கொண்டால் வேறுபாடு 40 பாகை. ஓர் அறையில் 12 சதுர மீட்டர் வெளிச்சுவர், கடத்துகை எண் 0.35 எனில் இழப்பு 168 வாட்டு. 2 சதுர மீட்டர் இரட்டைக் கண்ணாடிச் சன்னல், எண் 1.8 எனில் 144 வாட்டு. அறையின் கொள்ளளவு 30 கன மீட்டராக இருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறினால், அக்காற்றைச் சூடாக்க ஏறத்தாழ 198 வாட்டு. மொத்தம் 510 வாட்டு. சன்னல் தன்னைவிட ஆறு மடங்கு பெரிய சுவருக்கு நிகராக இழப்பதும், கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கசிவு இரண்டையும் விஞ்சுவதும் கவனிக்கத்தக்கவை. இடுக்குகளை அடைக்கும் மலிவான வேலையை முதலில் முடித்துவிட்டுக் கொதிகலனின் அளவைத் தீர்மானிப்பதே சிக்கனம். வட அமெரிக்காவில் வீடுகளுக்கு இக்கணக்கைச் செய்ய மானுவல் ஜே என்னும் முறை வழக்கில் உள்ளது.

கொதிகலன் வகையும் திரும்பும் நீரும்

இயற்கை எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. புகை ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ் ஆறினால் அந்நீராவி நீர்த்துளிகளாக மாறும். இந்நீர் அமிலத்தன்மை உடையது. மரபான வார்ப்பிரும்புக் கொதிகலனுக்குள் இது நிகழ்ந்தால் கொதிகலனும் புகைபோக்கியும் அரிக்கப்படும். ஆகவே அத்தகைய கொதிகலனுக்குத் திரும்பி வரும் நீர் 55 பாகைக்கு மேல் இருக்குமாறு, வெந்நீரின் ஒரு பகுதியைத் திரும்பும் குழாயில் கலக்கும் துணைக்குழாயோ கலப்பு வால்வோ வைக்கப்படுகின்றது.

ஒடுக்கக் கொதிகலன் இதற்கு நேர்மாறானது. துருவேறா எஃகு அல்லது அலுமினியக் கலவையால் ஆன அதன் வெப்பப் பரிமாற்றி, நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தையும் கைப்பற்றுகின்றது. திரும்பும் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கின்றதோ அவ்வளவு நன்மை. ஒடுக்கக் கொதிகலனை வாங்கி, எப்போதும் 80 பாகையில் ஓடவிட்டால் அதற்குக் கொடுத்த கூடுதல் விலையின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். வெளியே குளிர் குறையும்போது நீரின் வெப்பநிலையையும் தானாகக் குறைக்கும் வெளிப்புற உணரியை இணைக்காமல் விடுவது, தாமே நிறுவுவோரிடம் அடிக்கடி காணப்படும் குறை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஏப்ரல் முதல் புதிய எரிவாயுக் கொதிகலன்கள் பொதுவாக ஒடுக்க வகையாகவே இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன்களின் ஆண்டுப் பயனுறுதிறன் 84 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்னும் விதி 2021 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே அங்கு மரபான வகையும் விற்பனையில் இருக்கின்றது.

கொதிகலனை ஒட்டிய குழாய்கள்

ஓர் அமைப்பு நன்றாக இயங்குமா என்பதை, கொதிகலனின் வணிகப் பெயரைக் காட்டிலும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு மீட்டர் குழாய்களே தீர்மானிக்கின்றன எனலாம். இங்கு வேண்டிய உறுப்புகள் சிலவே. அவை இருக்கும் வரிசையே முக்கியம்.

10 பாகையில் இருந்து 80 பாகைக்குச் சூடாகும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 3 விழுக்காடு பெருகுகின்றது. நீரை அமுக்க முடியாது. மூடிய குழாய்களில் பெருகிய நீருக்குப் போக்கிடம் இல்லை. இதற்காகவே விரிவுக் கலம் வைக்கப்படுகின்றது. இது ஓர் இரப்பர்த் தோலால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட எஃகுக் கலம். ஒருபுறம் நீர், மறுபுறம் அழுத்தப்பட்ட காற்று. நீர் பெருகும்போது காற்று சுருங்கி இடம் தருகின்றது. கலத்தின் காற்று அழுத்தத்தை, அதனை அமைப்பில் பொருத்தும் முன், நீர் இல்லாத நிலையிலேயே சரிபார்க்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சாதாரண எக்கியும் அழுத்தமானியும் இதற்குப் போதும். இரண்டு மாடி வீட்டுக்கு வட அமெரிக்காவில் வழக்கமான அளவு சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல். இவ்வழுத்தம் நீரை 8.4 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். பிரித்தானியாவில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை வைப்பர்.

விரிவுக் கலம் குழாயில் சேரும் இடத்துக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. எக்கி ஓடினாலும் நின்றாலும் அவ்விடத்தில் அழுத்தம் மாறுவதில்லை. காரணம் எளியது. கலத்தின் அழுத்தம் மாற வேண்டுமானால் அதற்குள் நீர் கூடவோ குறையவோ வேண்டும். எக்கி நீரை நகர்த்துகின்றதே தவிர, மூடிய சுற்றில் நீரைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆகவே எக்கி உண்டாக்கும் அழுத்த வேறுபாடு எங்கே தோன்றும் என்பது, கலத்துக்கு எந்தப் பக்கத்தில் எக்கி உள்ளது என்பதைப் பொறுத்தது. கலம் எக்கியின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், எக்கியின் அழுத்தம் முழுவதும் கூடுதலாக அமைப்பில் சேரும். எக்கி கலத்தை நோக்கித் தள்ளுமாறு இருந்தால், எக்கிக்கு முன்னுள்ள குழாய்களில் அழுத்தம் அதே அளவு வரை குறையும்.

எடுத்துக்காட்டாக, நிலவறையில் 83 கிலோபாஸ்கல் நிரப்பப்பட்ட அமைப்பில், 6 மீட்டர் மேலே உள்ள ரேடியேட்டரில் எஞ்சுவது 24 கிலோபாஸ்கல். எக்கி 30 கிலோபாஸ்கல் வேறுபாட்டை உண்டாக்குவது எனக் கொள்வோம். அது தவறான பக்கத்தில் இருந்து, நீரோட்டத் தடையின் பெரும்பகுதி அந்த ரேடியேட்டருக்கு முன்னரே அமைந்திருந்தால், அங்கு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போய்விடக்கூடும். அப்போது காற்றை வெளியேற்ற வைத்த தானியங்கு வால்வே காற்றை உள்ளே இழுக்கும். மாடி அறை சூடாகாது, குழாய்கள் கலகலக்கும். வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் காற்றைத் திறந்துவிட்டுக் களைத்துப் போவார். குறை காற்றில் இல்லை. எக்கியின் இடத்தில் இருக்கின்றது.

பல வீடுகளில் எக்கி திரும்பும் குழாயில், கலத்தை நோக்கித் தள்ளுமாறு அமைந்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய எக்கிகளின் அடைப்புகள் மிகுந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. ஆதலால் ஆறிய நீர் வரும் பக்கத்தில் அவற்றை வைத்தனர். அவை உண்டாக்கிய அழுத்தம் சிறியதாக இருந்ததால் குறை பெரிதாக வெளிப்படவில்லை. பின்னர் வந்த சிறிய, வேகமான எக்கிகள் கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கின. இடம் மட்டும் பழக்கத்தால் மாறாமல் நின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பெல் அண்டு காசெட் நிறுவனத்தின் பொறியாளர் கில் கார்ல்சன் இக்கோட்பாட்டை விளக்கி எழுதினார். பின்னாளில் டான் ஹோலோஹன், எக்கி கலத்தை விட்டு விலகித் தள்ள வேண்டும் என்பதையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதிக் குழாய்ப் பணியாளர்களிடையே இதனைப் பரப்பினார்.

நீரில் கரைந்துள்ள காற்று, நீர் சூடாகும் இடத்திலும் அழுத்தம் குறைந்த இடத்திலும் எளிதில் பிரியும். கொதிகலனை விட்டு வெந்நீர் வெளியேறும் குழாய் இரண்டுக்கும் ஏற்ற இடம். ஆகவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரிசை, முதலில் கொதிகலன், அடுத்துக் காற்றுப் பிரிப்பான், அதனடியில் விரிவுக் கலம், அதன் பின் எக்கி, அதற்கப்பால் அறைகளுக்குச் செல்லும் கிளைகள் என்பதாகும். நகரக் குடிநீரில் இருந்து அமைப்பை நிரப்பும் அழுத்தக் குறைப்பு வால்வும் விரிவுக் கலம் சேரும் இடத்திலேயே இணைய வேண்டும். அதற்கு முன்னால், அமைப்பின் அழுக்கு நீர் குடிநீருக்குத் திரும்பாதவாறு பின்னோட்டத் தடுப்பான் கட்டாயம்.

ஒடுக்கக் கொதிகலன்கள் பலவற்றில் நீர்ப்பாதை குறுகலானது. அவற்றுக்குத் தனிச் சிறு சுற்றும் தனி எக்கியும் அமைத்து, அறைகளுக்கான சுற்றுடன் இரண்டு டீ இணைப்புகளால் சேர்ப்பது வழக்கம். அந்த இரு டீக்களும் குழாய் விட்டத்தின் நான்கு மடங்குக்கு மேற்படாத இடைவெளியில் இருந்தால், ஒரு சுற்றின் எக்கி மற்றதன் ஓட்டத்தைக் குழப்புவதில்லை.

அறைகளுக்குச் செல்லும் குழாய்கள்

நொடிக்கு 0.1 லிட்டர் நீர் ஓடி, 20 பாகை ஆறித் திரும்பினால் அது கொடுத்த வெப்பம் ஏறத்தாழ 8.4 கிலோவாட்டு. அமெரிக்கப் பணியாளர்கள் இதையே நிமிடத்துக்கு ஒரு கேலன், 20 பாரன்ஹீட் வேறுபாடு, மணிக்கு 10,000 பி.டி.யூ. என்று மனத்தில் வைத்திருப்பர். முக்கால் அங்குலச் செப்புக் குழாய் இவ்வகையில் 40,000 பி.டி.யூ. வரையும், ஓர் அங்குலக் குழாய் 80,000 வரையும் தாங்கும் என்பது கைக்கணக்கு.

ஒரே குழாய் எல்லா ரேடியேட்டர்களின் ஊடாகவும் வரிசையாகச் செல்வது மலிவானது. ஆனால் கடைசி அறைக்கு ஆறிய நீரே கிடைக்கும். செல்லும் குழாயும் திரும்பும் குழாயும் தனித்தனியாக உள்ள முறையில் எல்லா அறைகளுக்கும் ஒரே வெப்பநிலையில் நீர் கிடைக்கின்றது. அண்மைக் காலத்தில் ஒரு பகிர்வுக் குழாயில் இருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி நெகிழிக் குழாய் இழுக்கும் முறை பரவியுள்ளது. பற்றவைப்பு வேலை குறைவதால் தாமே செய்வோர் இதனையே நாடுகின்றனர். இக்குழாய் ஒட்சிசன் தடுப்புப் பூச்சு உடையதாக இருக்க வேண்டும். குடிநீருக்கான சாதாரண நெகிழிக் குழாயின் சுவர் வழியே ஒட்சிசன் மெல்ல உட்புகுந்து, கொதிகலனின் இரும்பைச் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். செருமனியின் டின் 4726 தரம் இவ்வூடுருவலுக்கு எல்லை வகுத்துள்ளது.

பழைய இரும்புக் குழாய்களுடன் புதிய கொதிகலனை இணைக்கும்போது மூன்று செய்திகள் கருதத்தக்கவை. பெரிய குழாய்களில் நீர் மிகுதி என்பதால் விரிவுக் கலமும் பெரிதாக வேண்டும். உள்ளே படிந்த கசடு புதிய வெப்பப் பரிமாற்றியை அடைக்காதவாறு முதலில் அலசி, காந்த வடிகட்டி ஒன்றைத் திரும்பும் குழாயில் பொருத்துதல் நன்று. மூன்றாவது, பழைய குழாய்களையும் கொதிகலனையும் சுற்றியுள்ள வெண்மையான அல்லது சாம்பல்நிறக் காப்புறை கல்நார் ஆக இருக்கலாம். அதனைச் சோதித்து அறியாமல் பிய்த்தெறிவது வீடு முழுவதும் நச்சு இழைகளைப் பரப்பும்.

நிரப்புதலும் முதல் எரிப்பும்

குழாய்கள் முடிந்தபின் அழுத்தச் சோதனை செய்து, சில மணி நேரம் அழுத்தமானி இறங்காமல் நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கிளையாக, திரும்பும் பக்க வடிகால் வால்வில் நீர்க்குழாயை மாட்டி, அதன் மறுமுனையை வாளி நீரில் மூழ்கவைத்து, குமிழிகள் நிற்கும்வரை நீரை வேகமாக ஓடவிட வேண்டும். எல்லாக் கிளைகளையும் ஒருசேரத் திறந்தால் நீர் எளிய வழியில் மட்டும் ஓடி, மற்றவற்றில் காற்று தங்கிவிடும்.

முதல் முறை சூடாக்கும்போது அழுத்தமானியை விட்டு அகலக்கூடாது. அழுத்தம் சிறிது உயர்வது இயல்பு. காப்பு வால்வு திறக்கும் அளவுக்கு விரைந்து உயர்ந்தால், விரிவுக் கலம் சிறியது அல்லது அதன் காற்று போய்விட்டது என்று பொருள். பிற்காலத்தில் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு உள்ளது. அதைத் தேடாமல் புதுநீரைச் சேர்த்துக்கொண்டே இருப்பது புதிய ஒட்சிசனை ஊட்டுவதாகும். நன்கு மூடிய பழைய அமைப்பின் நீர் கறுத்து நாறும். ஒட்சிசன் தீர்ந்துபோனதன் அடையாளம் அது. தூய்மை கருதி ஆண்டுதோறும் அதனை மாற்றுவோர் உண்டு. அது வேண்டாத வேலை.

உறையும் ஆபத்துள்ள இடங்களில் புரோப்பிலீன் கிளைக்கால் கலக்கப்படுகின்றது. வண்டிகளில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நச்சு என்பதால் வீட்டுக்கு ஏற்றதன்று.

ஆபத்துகள்

அழுத்தத்துக்குள் மிகைவெப்பம் அடைந்த நீர், கலம் உடைந்தால் அக்கணமே ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். இதைத் தடுக்கும் இறுதிக் கருவி காப்பு வால்வு. வட அமெரிக்க வீடுகளில் இது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டிலும், பிரித்தானியாவில் 3 பாரிலும் திறக்கும். கொதிகலனுக்கும் இதற்கும் இடையே வேறெந்த வால்வும் இருக்கக்கூடாது. இதன் வெளியேற்றக் குழாய் சிறுக்காமல் கீழ்நோக்கித் தரையருகே முடிய வேண்டும். அக்குழாயின் முனையில் மரை வெட்டக்கூடாது என்றும் விதி உண்டு. சொட்டும் குழாயை மூடியிட்டு அடைக்க எவருக்கேனும் தோன்றும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

கார்பன் ஓரொட்சைட்டு இதைவிடக் கொடியது. ஓசையும் மணமும் நிறமும் அற்றது. குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகின்றது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டில் உள்ள அனைவருக்கும் தோன்றி, வெளியே சென்றால் தெளிவது இதன் குறி. உடனே வெளியேறி உதவிக்கு அழைக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் உணரிக் கருவி இருத்தல் வேண்டும்.

தாமே நிறுவுவோர் கவனிக்கத் தவறும் ஓர் ஆபத்து பழைய புகைபோக்கியில் உள்ளது. முன்பு கொதிகலனும் குளியல் வெந்நீர்க் கலமும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருக்கும். புதிய ஒடுக்கக் கொதிகலன் சுவர் வழியே தனிக் குழாயில் புகையை விடுகின்றது. இப்போது அப்பெரிய புகைபோக்கியில் சிறிய வெந்நீர்க் கலம் மட்டும் எஞ்சி, அதனைச் சூடாக வைக்க முடியாமல், புகை மேலெழாது வீட்டுக்குள் திரும்பக்கூடும். புதிய கொதிகலனில் எந்தக் குறையும் இல்லாத நிலையிலும் இது நிகழும். புகைபோக்கிக்குள் அளவான உறை இறக்குவதோ, வெந்நீர்க் கலத்தையும் மாற்றுவதோ தீர்வு.

சட்டமும் வேலைப் பங்கீடும்

பெரிய பிரித்தானியாவில் எரிவாயுப் பணியைத் தகுதியுள்ளவரே செய்யலாம். தொழிலாகச் செய்வோர் காஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் முதல் அங்கு கோர்கி என்னும் முந்தைய பதிவுமுறைக்கு மாற்றாக இது உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறுபடும். பல இடங்களில் உரிமையாளர் தம் சொந்த வீட்டில் அனுமதி பெற்றுச் செய்து, ஆய்வாளரிடம் காட்டலாம். மாசச்சூசெட்சில் குழாய்ப் பணியும் எரிவாயுப் பணியும் உரிமம் பெற்றவருக்கே உரியவை. கனடாவின் ஒன்டாரியோவில் எரிவாயுப் பணியாளருக்குச் சான்றிதழ் வழங்குவது தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு ஆணையம். அனுமதியின்றி நிறுவியதற்குக் காப்பீட்டு நிறுவனமும் கொதிகலன் உற்பத்தியாளரும் பொறுப்பை மறுக்க இடமுண்டு.

நடைமுறையில் பலர் வேலையைப் பகிர்ந்து கொள்கின்றனர். வெப்ப இழப்புக் கணக்கு, வரைபடம், ரேடியேட்டர் பொருத்துதல், நீர்க்குழாய்கள், அலசுதல் ஆகியவற்றை உரிமையாளர் செய்கின்றார். எரிவாயு இணைப்பு, புகைவழி, எரிப்பைச் சரிசெய்தல் ஆகியவை உரிமம் பெற்றவரிடம் விடப்படுகின்றன. எரிப்பைச் சரிசெய்யப் புகையின் ஒட்சிசனையும் கார்பன் ஓரொட்சைட்டையும் அளக்கும் கருவி வேண்டும். சுடரின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது ஒடுக்கக் கொதிகலன்களுக்குப் பொருந்தாது. பிறர் போட்ட குழாய்களுடன் கொதிகலனை இணைக்கச் சில பணியாளர்கள் உடன்படுவதில்லை. ஆகவே குழாய்களை வாங்கும் முன்னரே அவரைக் கண்டு வரைபடத்தைக் காட்டிப் பேசுவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், புதைபடிவ எரிபொருளில் தனித்து இயங்கும் கொதிகலன்களுக்கான அரசு நிதி உதவிகளை, சில விலக்குகளுடன், 2025 முதல் நிறுத்துமாறு 2024 ஆம் ஆண்டுப் பணிப்புரை கூறுகின்றது. கொதிகலனின் இடத்துக்கு வரும் வெப்ப எக்கிகள் 35 முதல் 55 பாகை வரையான நீரில் சிறப்பாக இயங்குபவை. பெரிய ரேடியேட்டர்களும் போதிய பருமனுள்ள குழாய்களும் கொண்ட வீட்டில், வெப்ப எக்கியைப் பின்னர் இணைக்கும்போது அவற்றைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருப்பதில்லை.